'டாரிஃப்' எங்கே பிறந்தது?

லாட்ஜ் வரவேற்பறையில் அறை வாடகை எழுதிய பலகையில் 'டாரிஃப்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்ற கட்டணப் பட்டியலும் டாரிஃப்தான். அமெரிக்கா நம் பொருட்களுக்கு விதித்த வரியையும் செய்திகளில் டாரிஃப் என்றார்களே, எல்லாம் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். அரபு மொழியில் 'தஅரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல். எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று வணிகர்களுக்குத் தெரியப்படுத்தும் பட்டியலுக்கு அந்தப் பெயர் வந்தது. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பட்டியலைக் குறித்த சொல், பிறகு அதிலுள்ள வரியையே குறிக்கத் தொடங்கியது. ஸ்பெயினில் உள்ள தரீஃபா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மொழி அறிஞர்கள் ஏற்பதில்லை. இந்தியில் பாராட்டைக் குறிக்கும் 'தாரீஃப்' இருக்கிறதே, அதுதான் இதற்கு உண்மையான உறவு. இரண்டுக்கும் தாய் அந்த அரபுச் சொல்லே!

தமிழில் இதைச் சுங்கம் என்கிறோம். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்தது ஞாபகம் இருக்கிறதா?

சரி, செய்திக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம். ஆக மொத்தம் 50. இந்தப் பணத்தை இந்தியா கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 10 டாலர் பனியன் அங்கே போய் இறங்கினால், அதை வரவழைத்த அமெரிக்க வியாபாரிதான் தன் அரசுக்குக் கூடுதல் வரியாக 5 டாலர் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் திருப்பூர் ஏன் கவலைப்பட்டது? அந்த வியாபாரி சும்மா இருப்பாரா? கடையில் விலையை ஏற்றுவார். அல்லது "நீங்கள் விலையைக் குறையுங்கள்" என்று திருப்பூர் கம்பெனியிடம் கேட்பார். இல்லாவிட்டால் அப்போது 20 சதவீத வரி மட்டுமே இருந்த வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரை மாற்றிவிடுவார். ஆர்டர் போனால் கம்பெனியில் ஓவர்டைம் போகும், பிறகு ஷிப்டும் குறையும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் சனிக்கிழமைச் சம்பளக் கவரில்தான் அந்த அரபுச் சொல் கடைசியாக வந்து இறங்கும்.