எக்லெஸ் என்றால் போதுமா?

புதுச்சேரியில் குழந்தையின் பிறந்தநாளுக்கு கேக் ஆர்டர் கொடுக்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது "எக்கா, எக்லெஸ்ஸா?" என்பதுதான். மிஷன் வீதியானாலும் லாஸ்பேட்டையானாலும் கேள்வி ஒன்றே. சைவ வீட்டார் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த கேள்வி அது. அலர்ஜி உள்ள பிள்ளை ஒன்று விருந்துக்கு வருகிறது என்றால், அந்தக் கேள்வியை மட்டும் நம்புவது அரைக் கிணறு தாண்டுகிற கதைதான்.

முட்டை போடாத கேக் மெத்தென்று வர, பல பேக்கரிகளில் கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால் பவுடர் என்று சேர்ப்பார்கள். முட்டை ஆகாத பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். பால் ஆகாத பிள்ளைக்கு அதே கேக் கூடுதல் ஆபத்து. பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் இப்படித்தான். முட்டை, மீன், இறால் சேர்க்கவில்லை என்பது வரைக்கும்தான் அதன் பொறுப்பு. பால், கோதுமை, முந்திரி, வேர்க்கடலை எல்லாமே பச்சைப் புள்ளிக்குள் அடக்கம்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ருசி இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. குரோசான் என்றால் அடுக்கடுக்காக மைதாவும் வெண்ணெயும். மக்கரோனில் கோதுமை இல்லை, ஆனால் பாதாம் மாவும் முட்டை வெள்ளையும்தான் அதன் உடம்பே. புதுச்சேரி கிறிஸ்துமஸின் விவிகம் கேக்கில் ரவை, முட்டை, வெண்ணெய், முந்திரி நான்கும் ஒரே துண்டில் இருக்கும்.

ரொட்டிக்குள் ஒளிந்திருக்கும் பொருள் என்ன செய்யும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒரு சோகம் சாட்சி. 2016 ஜூலையில், எள் அலர்ஜி உள்ள 15 வயது நடாஷா எட்னன்-லபரூஸ், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு பகெட் சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பிரான்ஸின் நீஸ் நகருக்கு விமானம் ஏறினாள். எள் ரொட்டியின் மேலே தூவப்படவில்லை, மாவோடு சேர்த்துச் சுடப்பட்டிருந்தது. உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடையிலேயே செய்து கட்டித் தருகிற உணவுக்கு முழு விவரம் அச்சிடத் தேவையில்லை என்பது அன்றைய சட்டம். அப்பா இரண்டு முறை அட்ரினலின் ஊசி போட்டும் மகள் பிழைக்கவில்லை. பெற்றோரின் போராட்டத்தால் 2021 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டம் மாறியது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள்படி, பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் ஆகியவை இருந்தால் எழுத வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை! நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் இட்லிப் பொடியுமாகச் சாப்பிடுகிற நாட்டில் இது பெரிய ஓட்டை. ஹோட்டல்களில் மத்திய உரிமம் பெற்றவையும், 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவையும்தான் மெனுவில் அலர்ஜி விவரம் தர வேண்டும். தெருமுனை பேக்கரியும் சமையல் கான்ட்ராக்ட்காரரும் அதில் வர மாட்டார்கள். அங்கே வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

கேக்கைவிட அண்டாவில்தான் சிக்கல் அதிகம். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே விளைகிற ஊரில், முந்திரி இல்லாத விசேஷச் சமையல் அபூர்வம். கேசரியில் கண்ணுக்காவது தெரியும். குருமாவில் அரைத்து விட்டிருந்தால் அதுவும் தெரியாது. பொறுக்கி ஓரமாக வைத்தாலும், அதோடு வெந்த கேசரி அலர்ஜி பிள்ளைக்கு ஆகாது. சட்னியில் பொட்டுக்கடலையோடு ஒரு பிடி வேர்க்கடலையும் போயிருக்கலாம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதால், கோதுமை ஆகாத பிள்ளைக்கு சாம்பாரைக்கூட நம்பி ஊற்ற முடியாது. முட்டை போண்டா பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டால் சிப்ஸும் கெட்டது.

அதனால் அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுவது நல்லது. "நட்ஸ் அலர்ஜி" என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. வேர்க்கடலை பயறு இனம், முந்திரி மரத்தில் காய்ப்பது. முந்திரி ஆகாத பிள்ளைகள் பலருக்கு பிஸ்தாவும் ஆகாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதும் பால் அலர்ஜியும் வேறு வேறு. உப்புசக்காரருக்கு ஒரு ஸ்பூன் தயிர் பெரிய விஷயமில்லை, அலர்ஜிக்காரருக்கு ஆபத்து.

இதற்கென்று வெளிநாட்டு மாவு தேடி அலைய வேண்டியதில்லை. இட்லி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், பூரணக் கொழுக்கட்டை எல்லாம் பால், முட்டை, கோதுமை, முந்திரி இல்லாமலே நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்பவை. பொடியும் நெய்யும் தனியாக இருக்கட்டும். உளுந்து ஆகாத பிள்ளை வந்தால் இட்லியை விட்டு இடியாப்பம். அந்தப் பாத்திரங்களுக்குத் தனிக் கரண்டி வைத்து, முதல் பந்தியிலேயே பரிமாறிவிட்டால் கலப்படப் பயம் குறையும். அவ்வளவு செய்தும், அம்மா தன் பிள்ளைக்கு டிபன் டப்பா கொண்டு வந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சமையலறைக்கு வெளியிலும் ஆபத்து உண்டு. கேக் வெட்டியதும் க்ரீமை எடுத்து எல்லோர் கன்னத்திலும் பூசுகிற பழக்கம் ஒன்று. "ஒரு வாய்தானேம்மா" என்று ஊட்டிவிடுகிற பாட்டி இன்னொன்று. பாட்டியிடம் தனியாக, காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் தவறிவிட்டால்? சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வரலாம். மூச்சு இழுப்பதும், குரல் கம்முவதும், பிள்ளை துவண்டு போவதும் உயிருக்கே ஆபத்தான அறிகுறிகள். அப்போது முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மாத்திரையோ சிரப்போ அதற்கு ஈடாகாது. தானே போட்டுக்கொள்ளும் பேனா ஊசி எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைப்பதில்லை. டாக்டர் சொல்லி பெற்றோர் ஊசி வைத்திருந்தால், பை எங்கே இருக்கிறது என்று விருந்து நடத்துபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடனே 108-க்கு போன். பிள்ளையைப் படுக்க வைக்கலாம், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் என்று ஊருக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரிகள் இருப்பது ஒரு தைரியம்.

கடைசியாக ரிட்டர்ன் கிஃப்ட் பை. வீட்டுக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே பிள்ளைகள் அதைப் பிரித்துவிடுவார்கள். சாக்லேட்டுக்குப் பதில் க்ரேயான், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி பாட்டில் போடலாம். வண்ணக் களிமண் போடுவதென்றால் லேபிளைப் பார்க்கணும், சிலவற்றைக் கோதுமை மாவில்தான் செய்கிறார்கள்.