கம்யூனிட்டி காலேஜ்னா அவ்வளவு கேவலமா?

அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட "பொண்ணு எங்க படிக்கிறா?"ன்னு கேட்டுப் பாருங்க. பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டுன்னா கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும். கம்யூனிட்டி காலேஜ்னா, "இப்போதைக்குப் பக்கத்துல ஒரு காலேஜ்..."னு இழுப்பாங்க. படிக்கிறது சோஷியாலஜியும்னா, பேச்சு உடனே அந்த ஊர் குளிருக்குப் போயிடும்.

கலிஃபோர்னியாவுல என் சித்தப்பா பையன் வீட்டுல இதேதான். பொண்ணு ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல சமூகவியல் படிச்சுட்டு, மூணாவது வருஷம் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போறா. சென்னையில இருக்கிற பாட்டி, கேக்கறவங்ககிட்ட எல்லாம் "கம்ப்யூட்டர் படிக்கிறா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. பேத்தி ஏதோ தப்புப் பண்ணின மாதிரி!

நான் பி.காம்., நாக்பூர்ல ஒரு வங்கியில குப்பை கொட்டுறவன். சமூகவியல்ல பெரிய ஞானம் கிடையாது, கணக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். அந்தக் கணக்கை வச்சே சொல்றேன்: வெட்கப்படவேண்டியது அந்தப் பொண்ணு இல்ல.

முதல்ல காசு. கலிஃபோர்னியாவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012-ல இருந்து இதே கட்டணம்தான். மாறறதுக்கு 60 யூனிட் வேணும். பெருக்கினா 2,760 டாலர், ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல நேரா முதல் வருஷம் சேர்ந்தா, உள்ளூர்வாசிக்கே வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல படிப்புக் கட்டணம். சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் தனி. இங்கேயிருந்து விசா வாங்கிப் போற பிள்ளைக்கு இந்த 46 டாலர் சலுகை கிடையாது, பல மடங்கு கூடக் கட்டணும். அதனால இதைப் படிச்சுட்டு யாரும் லோன் ஃபாரத்தோட கிளம்பிடாதீங்க. நான் சொல்றது அங்கேயே குடியிருக்கிற நம்ம குடும்பங்களுக்கு.

அடுத்து மரியாதை. இது ஏதோ கொல்லைப்புற வழின்னு நினைக்கிறாங்க. 1960-ல கலிஃபோர்னியா போட்ட உயர்கல்வித் திட்டமே இதுதான்: பள்ளியில முதல் எட்டுல ஒரு பங்கு மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி, மத்த எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கேயிருந்து நல்லாப் படிச்சவங்க மேலே ஏறி வரணும். ஆக, இது வாசல்ல கட்டின படிக்கட்டு.

நம்ம பாஷையில சொன்னா இது கிளியரிங். ஒரு வங்கியோட செக்கை இன்னொரு வங்கி ஏத்துக்க நடுவுல ஒரு ஏற்பாடு இருக்குல்ல, அந்த மாதிரி. எந்தக் காலேஜோட எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்துல எந்தப் பாடத்துக்குச் சமம்னு 'அசிஸ்ட்'ங்கிற பொது இணையதளத்துல முன்கூட்டியே பார்த்துக்கலாம். டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்கள், சொன்ன பாடத்தைச் சொன்ன மதிப்பெண்ணோட முடிச்சா இடம் உறுதின்னு எழுத்துலயே ஒப்பந்தம் போடுறாங்க. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் இந்த உறுதி தர்றதில்லை, ஆனா அவங்களும் மாறி வர்றவங்களைச் சேர்த்துக்கறாங்க. கடைசியில வர்ற பட்டத்துல பல்கலைக்கழகத்தோட பேர்தான்.

"அங்கே சேர்றவங்கள்ல பாதிப் பேர் மாறவே மாட்டாங்களாமே?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. மாறணும்னு நினைச்சுச் சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க மாறறதில்லைங்கிறது உண்மை. இதை எடுத்துச் சொன்னவரே ஒரு சமூகவியலாளர்தான்! பர்ட்டன் கிளார்க்னு பேர். சான் ஹோசேயில ஒரு ஜூனியர் காலேஜை ஆராய்ஞ்சு 1960-ல எழுதினார். மாணவனோட ஆசையை ஒரேயடியா வெட்டாம, "உனக்கு இது போதும்ப்பா"ன்னு கொஞ்சம் கொஞ்சமா ஆறவைக்கிறாங்கன்னு சொன்னார். 'கூலிங் அவுட்'னு அதுக்குப் பேர். எர்விங் காஃப்மன்கிட்ட இருந்து வாங்கின சொல். ஏமாந்தவனைப் போலீஸுக்குப் போகவிடாம சமாதானப்படுத்துற தந்திரத்துக்கு மோசடிக்காரங்களே வச்ச பேர் அது.

இப்ப யோசிங்க. வேலைக்குப் போயிக்கிட்டே படிக்கிறவன், வீட்டுல முதல் தலைமுறையாப் படிக்கிறவன், கையில காசில்லாதவன், இவங்கதான் பாதியில நிக்கறாங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் சோறு இருக்கு, கூரை இருக்கு, கார் கூட இருக்கு. அவ ஆர்வத்தை ஆறவைக்கிறது யாரு? "கம்ப்யூட்டர் படிக்கிறா"ன்னு மூடி மறைக்கிற நாமதான்.

சரி, சோஷியாலஜி படிச்சு என்ன கிழிக்கப் போறாங்கிறது அடுத்த குறை. அந்தப் பாடத்திட்டத்துல புள்ளியியல் இருக்கு, ஆய்வு முறைகள் இருக்கு. வெறும் கதை கேக்கற படிப்பு இல்லை. நம்ம ஊரைப் பத்தியே பாருங்க: தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல தங்கி, நிலம் யார்கிட்ட, அதிகாரம் யார்கிட்ட, சாதி எப்படி மாறுதுன்னு ஆந்த்ரே பெத்தேய் எழுதின புத்தகம் 1965-ல வந்தது. கொல்கத்தா பக்கத்துல பிறந்தவர், நம்ம அக்ரஹாரத்தையும் தெருக்களையும் நமக்கே விளக்கினார். ஊரை விட்டு வந்து, வாடகைக்கு வீடு கேக்கும்போது பேரையும் சாப்பாட்டையும் விசாரிக்கிற ஊர்ல குப்பை கொட்டுறோமே, நம்மள விட இந்தப் படிப்பு யாருக்கு அவசியம்?

இதைவிட எனக்கு எரிச்சல் இங்கேதான். வங்கிக்காரனுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர். மத்திய அரசு, ரயில்வே எல்லாம் அப்படித்தான். அப்பாவை மாத்தறாங்க, பிள்ளையோட கிரெடிட்டை மாத்த முடியறதில்லை. காலேஜ் ரெண்டாவது வருஷத்துல பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்ற குடும்பம் எத்தனை! 2021-ல யுஜிசி 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிமுறை கொண்டுவந்தது. கிரெடிட்டைச் சேமிக்கலாம், ஏழு வருஷம் வரை செல்லும், பட்டம் தர்ற நிறுவனத்துல பாதியாவது படிச்சிருக்கணும். நல்ல விதிதான். ஆனா உங்க செக்கை எந்த வங்கி ஏத்துக்கும்னு முன்கூட்டியே சொல்ற பட்டியல் எங்கே? அது இல்லாம கணக்குல கிரெடிட் ஏறி என்ன, வித்டிராயல் ஃபாரம் இல்லாத பாஸ்புக்தான் :-)

நாம கேக்கவேண்டியது அந்தப் பட்டியலை. மாநில அரசுகிட்ட, பல்கலைக்கழகங்கள்கிட்ட, நம்ம சங்கக் கூட்டத்துல கூட. தீர்மானம் போடறோமே, பொங்கல் விழாவுக்கு ஹால் எடுக்கறதைப் பத்தி, அதோட இதையும் ஒரு வரி சேர்த்துக்கலாம்.

அதுவரைக்கும், யாராவது "பொண்ணு கம்யூனிட்டி காலேஜ்ல சோஷியாலஜி"ன்னு சொன்னா, "அப்படியா, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போறா?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும். பாட்டிக்குக் கூட பொய் சொல்லவேண்டிய வேலை மிச்சம்.