பழைய கணினியைக் கைவிடும் முன்



கணினியைக் குறித்தும் கைப்பேசியைக் குறித்தும் கருத்துச் சொல்லத் தெரியாதவர் இன்று நம்மிடையே எவருமில்லை. நிக்காஹ் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நான்கு இளைஞர்கள் அமர்ந்தால், சோறு ஆறுவதற்குள் விவாதம் சூடாகிவிடுகிறது. ஆண்ட்ராய்டா, ஐபோனா? விண்டோஸா, மேக்கா? பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா? எது சிறந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கையில் இருப்பது போதாதா என்று கேட்பவரை மட்டும் காண்பது அரிதாக இருக்கிறது.

அந்தக் கேள்வியை நானும் அண்மையில்தான் கேட்டேன். என் தங்கை தொலைபேசியில் அழைத்து, "காக்கா, மகளுடைய லேப்டாப் இனிமேல் ஓடாதாமே, புதிது வாங்க வேண்டுமாமே?" என்றாள். மகள் பி.காம். படிக்கிறாள். 2016-இல் வாங்கிய மடிக்கணினி அது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்திருக்கிறது. கடைக்காரர் இரண்டு வழிகள் கூறியிருக்கிறார். ஒன்று, 45,000 ரூபாய்க்குப் புதிய கணினி. மற்றொன்று, உரிமம் இல்லாத விண்டோஸ் 11-ஐ ஐந்நூறு ரூபாய்க்கு எப்படியாவது நிறுவித் தருவது. மச்சான் வளைகுடாவில் இருந்து அனுப்பும் பணத்தில் அடுத்த பருவத்துக்கான விடுதிக் கட்டணமாக ஒதுக்கி வைத்திருந்த தொகையும் ஏறக்குறைய அந்த 45,000-தான்.

முதலில் உண்மை நிலையைப் பார்ப்போம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடுவதில்லை. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்புகள் மட்டுமே வருவதில்லை. வங்கிக் கணக்கையும் ஆதார் நகலையும் வைத்திருக்கும் கணினிக்கு அது சிறிய குறையன்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அங்கேதான் தடை. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் செயலிகளில், ஒருசில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017-இல். அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக உழைத்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. தங்கை மகளின் கணினி ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. பழுது ஏதுமில்லை, வயதுதான் குற்றம்.

கடைக்காரர் கூறாத வழிகளும் இருந்தன. வீட்டுப் பயனாளர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அந்நிறுவனமே அறிவித்தது. முப்பது டாலர் கட்டியும் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமின்றியும் சேரலாம். கணக்கு வேலைக்கு டேலியையும், அச்சக வேலைக்குப் போட்டோஷாப்பையும் பேஜ்மேக்கரையும் நம்பியிருப்பவர்களுக்கு, யோசிக்க ஓராண்டு அவகாசம் தந்த ஏற்பாடு அது.

மற்றொரு வழி லினக்ஸ். 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தப் பணி, இன்று நம் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் உள்ளேயும் இயங்குகிறது. அதன் மீது அமைந்த லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்களை விலையின்றிப் பதிவிறக்கலாம், எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அந்த அனுமதியை உருவாக்கியவர்களே மனமுவந்து அளித்திருக்கிறார்கள். நிறுவுவதற்கு முன், ஒரு பென் டிரைவில் இருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா எனச் சோதித்துக்கொள்ளலாம்.

இது நமக்குப் புதியதும் அன்று. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு, உரிமமற்ற மென்பொருளை ஏற்றிக்கொண்டவர்களை நான் நேரில் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

தங்கை மகளின் கணினியில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், நினைவகத்தைச் சற்று கூட்டினோம், மின்ட் நிறுவினோம். செலவு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. முதல் இரண்டு வாரங்கள் அவள் முணுமுணுத்தாள். எக்செல் இல்லை, லிப்ரே ஆபீஸ்தான். சில கோப்புகளில் கட்டங்கள் இடம் மாறின. டேலி லினக்ஸில் நேரடியாக இயங்காது. அதற்குக் கல்லூரி ஆய்வகத்தையே நாட வேண்டியிருக்கிறது. எனினும் முன்பு நிமிடக்கணக்கில் காத்திருந்து திறந்த கணினி இப்போது நொடிகளில் திறக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது. "மாமா, என் தோழியுடையதையும் இப்படி மாற்றித் தருவீர்களா?" என்று சென்ற வாரம் கேட்டாள்.

புதிது வாங்குவதே கூடாது என்று நான் கூறவில்லை. காணொளித் தொகுப்பு, பொறியியல் வரைபடம் போன்ற பணிகளுக்குப் புதிய கருவி தேவையெனில் வாங்குவது செலவே தவிர விரயமன்று. விளையாட்டு விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: ஸ்டீம் டெக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. ஆயினும் வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை லினக்ஸில் இயங்குவதில்லை. இதை மறைத்துப் பரிந்துரைப்பதும் நேர்மையாகாது.

நான் வற்புறுத்துவது இரண்டே செய்திகளைத்தான். முதலாவது, உழைக்கும் பொருளைப் பிறர் பேச்சுக்காகக் கைவிடுவது வீண் விரயம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது; அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகவில்லை. எஞ்சியதன் நஞ்சு ஏதோ ஓர் ஏழையின் மண்ணிலும் நீரிலும் கலக்கிறது.

இரண்டாவது, அந்த ஐந்நூறு ரூபாய் வழி. அத்தகைய திருட்டு மென்பொருள்களோடு தீநிரல்களும் சேர்ந்து வருவது வழக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்தவர் தோட்டத்து மாங்காயைக் கேளாமல் பறிக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதே பிள்ளையின் மேசையில் உரிமமில்லாத மென்பொருளை வைக்கிறோம். விலை கொடுக்க இயலாதபோது அதையே ஒரு காரணமாகக் கூறி வந்தோம். முழு அனுமதியோடு இலவசமாகவே ஒன்று கிடைக்கும்போது அந்தக் காரணமும் நிற்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை திரையில் அப்படியோர் அறிவிப்பு வந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். இந்தக் கணினியால் எனக்கு ஆகவேண்டிய வேலை என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும். தங்கை வீட்டில் விடுதிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.