ஐந்து பெட்டி வேண்டாம், இரண்டு போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். மானிட்டரில் படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் லேப்டாப்பின் அடியில் உள்ள சிறு துளைகளில் இருந்து வரும் சத்தமோ கொசு ரீங்காரம் போல இருக்கிறது. உடனே ஹோம் தியேட்டர் ஆசை வந்துவிடுகிறது. கடைக்குப் போனால் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் காட்டுகிறார்கள். உள்ளே ஒரு சப்வூஃபர், ஐந்து குட்டி ஸ்பீக்கர்கள், ஒரு ரிமோட். வெளியே "5.1", "10,000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்து. விலையும் கைக்கு அடக்கம். யாருக்குத்தான் வாங்கத் தோன்றாது?

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பதால், "எந்த செட் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். என் பதில் ஒன்றுதான். முதல் முறை வாங்குகிறீர்களா? பட்ஜெட் குறைவா? அப்படியானால் 5.1 செட் வேண்டாம். அதே பணத்தில் இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வாங்குங்கள். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். பிறகு முடிவு உங்களுடையது.

வாட்ஸ் என்னும் மாயக் கணக்கு

பெட்டியின் மேல் உள்ள அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று போட்டிருக்கும். பீக் மியூசிக் பவர் அவுட்புட் என்பதன் சுருக்கம். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அந்த ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு சக்தியைத் தள்ளக்கூடும் என்று கம்பெனியே போட்டுக்கொள்ளும் கணக்கு இது. இதை எப்படி அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." என்று குறிப்பிடப்படும் வாட்ஸ். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். ஆர்.எம்.எஸ். எண்ணே பெட்டியில் இல்லை என்றால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் சப்வூஃபரைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ் என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். சுவர் பிளக்கில் இருந்து 60 வாட்ஸ் மட்டுமே எடுக்கும் பெட்டி, 10,000 வாட்ஸ் சத்தத்தைத் தொடர்ந்து எப்படித் தரும்? உள்ளே போகும் மின்சாரத்திலேயே ஒரு பங்கு சூடாக வீணாகிறது. மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. உண்மையாகவே 10,000 வாட்ஸ் என்றால், 2,000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர்கள் ஐந்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம்!

இந்த எண் விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையர் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வாட்ஸ் போட்டு விளம்பரம் செய்ததால், ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஒரு விதியைக் கொண்டுவந்தது. தொடர்ந்து தரும் சக்தியை அளந்துதான் வாட்ஸ் போட வேண்டும் என்றது அந்த விதி. 2024-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள்.

சரி, எத்தனை வாட்ஸ் போதும்? சின்னக் கணக்கு ஒன்று. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆக இரண்டு மீட்டரில் 80 டெசிபல். சத்தம் 10 டெசிபல் ஏற வேண்டுமானால் சக்தி பத்து மடங்காக வேண்டும். அதாவது 10 வாட்ஸ் கொடுத்தால் 90 டெசிபல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், சண்டைக் காட்சியின் உச்சத்துக்கே அது தாராளம். உண்மையான 20 வாட்ஸ் தரும் ஸ்பீக்கர் ஜோடி நம் அறைக்குப் போதும் என்பது இதிலிருந்து புரியும்.

5.1 இருக்கிறது, படம் இருக்கிறதா?

5.1 என்பது தியேட்டரில் இருந்து வந்த சமாச்சாரம். டால்பி டிஜிட்டல் ஒலியோடு முதலில் வெளியான படம் 1992-ல் வந்த பேட்மேன் ரிட்டர்ன்ஸ். முன்னால் இடம், நடு, வலம் என்று மூன்று, பின்னால் இரண்டு, ஆக ஐந்து தடங்கள். இடி, வெடி போன்ற அடித்தொனிக்கு மட்டும் தனியாக ஒரு தடம். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று அதுதான்.

இந்த ஆறு தடங்களும் ஆறு பெட்டிகளுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அது 5.1. நம் வீட்டில் அப்படிப் போகிறதா?

லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே ஓர் ஆடியோ ஓட்டைதான் இருக்கும். அதில் வருவது இடம், வலம் என்று இரண்டு தடங்கள் மட்டுமே. ப்ளூடூத்தில் இணைத்தாலும் இதே கதைதான். ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் அனுப்பும் வழக்கமான முறையில் இரண்டு தடங்களுக்கு மேல் போகாது. அந்த இரண்டையே ஐந்து குட்டிப் பெட்டிகளும் பங்கு போட்டுப் பாடும். பின்னால் இருந்து சத்தம் வருகிறதே என்று நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் அது முன்னால் வரும் அதே சத்தத்தின் நகல்!

டெஸ்க்டாப்பில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று ஆடியோ ஓட்டைகள் இருந்தால் உண்மையான 5.1 கிடைக்கும். பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். மூன்று பின்களையும் சொருகி, விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய், கான்ஃபிகர் பட்டனை அழுத்தி 5.1 என்று தேர்வு செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு படத்திலும் ஆறு தடங்கள் இருக்க வேண்டும் அல்லவா? வி.எல்.சி. பிளேயரில் ஒரு படத்தை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து பாருங்கள். சேனல்ஸ் என்ற வரியில் "ஸ்டீரியோ" என்று இருந்தால் இரண்டே தடங்கள்தான். நாம் தினமும் கேட்கும் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீரியோதான். இரண்டு தடங்களை ஒழுங்காகப் பாட இரண்டு நல்ல பெட்டிகள் போதாதா?

வசனம் ஏன் புரிவதில்லை?

உங்கள் பட்ஜெட் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆறு பெட்டிகளுக்குப் பிரித்தால் ஒரு பெட்டிக்குச் சுமார் 1,300 ரூபாய். ஆம்ப்ளிஃபையர், ரிமோட், வயர், அட்டைப் பெட்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஸ்பீக்கருக்கு என்று என்ன மிஞ்சும்? இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் செலவழித்தால் ஒன்றுக்கு 4,000 ரூபாய் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் கேட்கும்.

மலிவான செட்டில் வரும் குட்டி ஸ்பீக்கரின் கூம்பு இரண்டு, மூன்று அங்குலம்தான் இருக்கும். அதனால் தாழ்ந்த தொனிகளைத் தர முடியாது. அந்த வேலையையும் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண் குரலின் அடித்தொனி ஏறக்குறைய 85-ல் இருந்து 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். எனவே கதாநாயகன் பேசும்போது பாதிக் குரல் திரைப் பக்கமிருந்தும், பாதிக் குரல் மேஜைக்கு அடியில் இருந்தும் வருகிறது. "டொம் டொம்" என்று அதிர்வதைப் பேஸ் என்று நினைத்துக்கொள்கிறோம். வசனமோ பானைக்குள் இருந்து பேசுவது போல் கேட்கிறது.

இதனால் கஷ்டப்படுவது வீட்டில் உள்ள பெரியவர்கள்தான். வசனம் புரியவில்லை என்று அப்பா வால்யூமைக் கூட்டுவார். அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வரும், ஜன்னல் அதிரும், அம்மா குறைக்கச் சொல்வார். இரவெல்லாம் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பதா படம்? கொஞ்ச நாளில் பின்பக்க ஸ்பீக்கர்கள் அலமாரிக்கு மேலே போய்விடும். ஆசையாக வாங்கிய செட் செய்தி கேட்க மட்டும் பயன்படும். சேர்த்து வைத்த பணம் இப்படி வீணாவதைத்தான் நான் தவிர்க்கச் சொல்கிறேன்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வூஃபரும் தனியாக ஒரு ட்வீட்டரும் இருக்கட்டும். வூஃபர் நான்கு அங்குலமாவது இருப்பது நல்லது. பெட்டி பிளாஸ்டிக்காக இல்லாமல் எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் தேவையில்லாத அதிர்வு குறையும். தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். கூம்பைச் சுற்றி உள்ள வளையம் ரப்பராக இருக்கிறதா என்று பாருங்கள். நுரை வளையம் சில வருடங்களில் உதிர்ந்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான நாலைந்து பாட்டுகளை நல்ல தரத்தில் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் டெமோவை நம்ப வேண்டாம். அதில் இடியும் வெடியுமாகத்தான் இருக்கும். முதலில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா? இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் போகிறது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா, அல்லது எல்லாம் ஒரே உறுமலாக இருக்கிறதா? மிருதங்கத்தில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா? கடைசியாக வால்யூமை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். சத்தம் குறைந்தாலும் குரல் தெளிவாக இருந்தால் அது நல்ல ஸ்பீக்கர்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது நம் காதுக்கு எப்போதும் நன்றாகவே தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வீட்டில் எங்கே வைப்பது?

இதற்குப் பைசா செலவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஆறு அடி என்றால் உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆறு அடி. ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் தள்ளினால் பேஸ் குழம்பும். வயர் இணைக்கும்போது சிவப்பை சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் சேருங்கள். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், அதனால் எதிரொலி அதிகம். ஒரு கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமக்காளமும் போட்டுப் பாருங்கள், வசனம் எவ்வளவு தெளிகிறது என்று தெரியும்.

அப்படியானால் 5.1 வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. நல்ல 5.1 தரும் அனுபவமே தனி. ஆனால் அதை ஒரே நாளில் மலிவாக வாங்க முடியாது. பிற்காலத்தில் 5.1 வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இல்லாத ஸ்பீக்கர் ஜோடியும் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்குங்கள். செலவு சற்றுக் கூடும். ஆனால் பிறகு ஏ.வி. ரிசீவர் வாங்கும்போது அந்த ஸ்பீக்கர்கள் வீணாகாது. அடுத்து ஒரு சப்வூஃபர், பிறகு நடு ஸ்பீக்கர், கடைசியில் பின்பக்கம் இரண்டு என்று வருடத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். குடும்பமே சோபாவில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் நடு ஸ்பீக்கருக்கு முதலிடம் கொடுங்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் வசனம் திரையில் இருந்தே கேட்கும்.

கம்ப்யூட்டர் மேஜைக்கு மட்டும் போதும் என்பவர்கள் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே உள்ள ஜோடியை வாங்கலாம். சப்வூஃபர் இணைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லாத வீட்டில், டி.வி.க்குக் கீழே ஒரு சவுண்ட்பார் வைப்பதிலும் தவறில்லை.

எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் காதை மறந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். ஸ்பீக்கர் பழுதானால் சரிசெய்யலாம் அல்லது வேறு வாங்கலாம். சத்தத்தால் போன காது திரும்ப வராது.

இந்த மாதம் கடைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பென் டிரைவில் பாட்டுகளை ஏற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். குறைந்த சத்தத்தில் அவருக்கு வசனம் புரிகிற ஜோடி எதுவோ, அதற்கே பணத்தைக் கொடுங்கள்.