ஃபோர்சைத்தின் தலைக்கணக்கு

மக்கள்தொகைக் கணக்கு இருப்பவர்களை எண்ணும். இல்லாமற்போனவர்களுக்கு அதில் கட்டம் கிடையாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஃபோர்சைத் கவுண்டியில் 2020இல் எண்ணப்பட்டவர்கள் 2,51,283 பேர். ஏறக்குறைய 18 சதவீதம் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கறுப்பினத்தவர் 4 சதவீதத்தை ஒட்டி. தெற்கே அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் அட்லாண்டா நகரத்திலோ ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். இந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டால் வீட்டு விலை என்பார்கள், பள்ளிக்கூடம் என்பார்கள். இன்றைய நிலைக்கு அதுவும் ஒரு பகுதிக் காரணம்தான். மீதிக் காரணம் 1910ஆம் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஃபோர்சைத்தில் வெள்ளையர் 10,847 பேர். கறுப்பர் என்றும் கலப்பினத்தவர் என்றும் குறிக்கப்பட்டவர்கள் 1,098 பேர். சோளமும் பருத்தியும் விளைந்த மலையடிவாரக் கிராமங்கள். கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுதவர்கள், கூலிவேலை செய்தவர்கள். சிலர் சொந்த நிலம் வைத்திருந்தார்கள். ஜோசப் கெல்லாக் என்பவருக்குச் சுமார் 200 ஏக்கர் இருந்தது. அடிமைமுறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகாத காலம். வெறுங்கையோடு தொடங்கி ஒரு தலைமுறைக்குள் தேவாலயம், பள்ளி, நிலம் என்று சேர்த்திருந்தார்கள்.

1912 செப்டம்பரில் ஓர் இளம் வெள்ளைப் பெண் தாக்கப்பட்டுக் கிடந்தார். இரண்டு வாரத்தில் இறந்தார். கறுப்பின இளைஞர்கள் சிலரைப் பிடித்தார்கள். அவர்களில் ராப் எட்வர்ட்ஸ் விசாரணையைக்கூடப் பார்க்கவில்லை. கவுண்டியின் தலைநகரான கம்மிங்கில் சிறையிலிருந்து கும்பல் அவரை இழுத்துவந்து கொன்று, நகரச் சதுக்கத்தில் தொங்கவிட்டது. பதின்வயதைத் தாண்டாத எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் இருவருக்கும் முழுக்க வெள்ளையர்களே அமர்ந்த ஜூரி மரண தண்டனை விதித்தது. மறைவாகத் தூக்கிலிட வேண்டும் என்பது சட்டம். அதற்காகக் கட்டிய வேலியை முந்தின இரவே கொளுத்திவிட்டார்கள். அக்டோபர் 25 அன்று ஆயிரக்கணக்கானோர் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

நியாயமோ அநியாயமோ, ஒரு வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இரவில் குதிரையில் கும்பல்கள் கிளம்பின. வீட்டு வாசலில் மிரட்டல், சுவரில் துப்பாக்கிக் குண்டு, பிறகு தீ. தேவாலயங்கள் எரிந்தன. சில வாரங்களுக்குள் ஏறக்குறைய எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் கிளம்பிவிட்டன. பலர் பக்கத்து ஹால் கவுண்டிக்குப் போனார்கள். அடுத்த தலைக்கணக்கில் பெயருக்கு ஒரு சிலரே மிஞ்சினார்கள்.

நிலம் என்ன ஆயிற்று? சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். சிலருக்கு அதற்கும் அவகாசம் இல்லை. அப்படிக் கிடந்த நிலங்களில் சிலவற்றுக்கு அக்கம்பக்கத்தார் வரி கட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் வரி கட்டி உழுதால் அனுபவ பாத்தியதை. பிறகு அவர்களே கிரயம் செய்துகொடுக்கலாம். வாங்குகிறவருக்கு வில்லங்கம் எதுவும் கண்ணில் படாது. எலியட் ஜாஸ்பின் என்ற பத்திரிகையாளர் பிற்காலத்தில் பத்திரப் பதிவேடுகளைத் துருவி இந்தக் கைமாற்றங்களை வெளிக்கொண்டுவந்தார். அந்தக் கவுண்டியிலேயே வளர்ந்த வெள்ளையரான கவிஞர் பேட்ரிக் ஃபிலிப்ஸ் 2016இல் இதை முழு நூலாக எழுதினார். துரத்தும் இரவுகளில் வெறி இருந்தது, சரி. வரி ரசீதில் வெறி இல்லை, நிதானம்தான் இருந்தது. எனக்கு அச்சம் தருவது இரண்டாவதுதான்.

இது அந்த மண்ணில் நடந்த முதல் காலிசெய்தலும் அல்ல. ஃபோர்சைத் கவுண்டியே 1832இல் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தை அறுத்து உருவாக்கப்பட்டது. ஜார்ஜியா அரசு அந்த நிலத்தைக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்குக் கொடுத்தது. 1838இல் செரோக்கிகள் படைபலத்தோடு மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த வெளியேற்றத்தை ஆதரித்து வாதாடிய ஜான் ஃபோர்சைத்தின் பெயர்தான் கவுண்டிக்கு. ஆக, எண்பதாண்டு இடைவெளியில் ஒரே இடம் இரண்டு முறை காலிசெய்யப்பட்டிருக்கிறது. முதல் முறை அரசாணை. இரண்டாம் முறை அரசின் பாராமுகம்.

அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகள் ஃபோர்சைத் வெள்ளையர் கவுண்டியாகவே இருந்தது. 1950களில் பியூஃபோர்டு அணை கட்டி லேனியர் ஏரி உருவானபோது கவுண்டியின் பழைய ஆஸ்கர்வில் பகுதியின் நிலமும் தண்ணீருக்குள் போனது. 1980இல் அந்த ஏரிக்கரைக்கு உல்லாசப் பயணம் வந்த அட்லாண்டாவின் கறுப்பினத் தீயணைப்பு வீரர் ஒருவர் சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். 1987 ஜனவரியில் கறுப்பின உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சிறு ஊர்வலம் ஒன்று கம்மிங்கை நோக்கி வந்தது. கல்லும் பாட்டிலும் எறிந்து விரட்டினார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர், தேசியக் காவல்படையின் பாதுகாப்போடு வந்து நடந்தார்கள். பிப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கம்மிங்கிலேயே நடத்தினார். உலகமே ஃபோர்சைத்தைப் பார்த்தது.

பார்த்த பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. இரு இனத்தவரும் கொண்ட குழு ஒன்று அமைந்தது. ஆண்டு முடிவில் ஒரே அறிக்கையில் கையெழுத்திட அவர்களால் முடியவில்லை. கறுப்பின உறுப்பினர்கள் ஒன்றும் வெள்ளை உறுப்பினர்கள் ஒன்றுமாகக் கொடுத்தார்கள். பிளவுக்குப் பெரிய காரணம் நிலம். பறிபோன நிலத்துக்கு இழப்பீடு என்ற பேச்சையே வெள்ளைத் தரப்பு ஏற்கவில்லை. கவுண்டி நிர்வாகமோ ஊர்வலங்களுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் என்று விதி போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1992இல் செல்லாது என்றானது. வழக்கை வென்றது யார் தெரியுமா? வெள்ளை இனவாத அமைப்பு ஒன்று. பேச்சுரிமை இப்படித்தான், ஆள் பார்த்து வராது.

கவுண்டியின் முகத்தை மாற்றியது ஊர்வலமோ தீர்ப்போ அல்ல; அட்லாண்டா நகரம் வடக்கே பெருத்ததுதான். நெடுஞ்சாலை வந்தது, மென்பொருள் நிறுவனங்கள் வந்தன, கோழிப்பண்ணைகள் இருந்த இடத்தில் மனைப்பிரிவுகள் முளைத்தன. 2000இல் ஆசியர் ஒரு சதவீதம்கூட இல்லை. 2010இல் ஆறு சதவீதம். இன்று ஐந்தில் ஒருவரை நெருங்குகிறது. தெலுங்கு, தமிழ், இந்தி, குஜராத்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதித் தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, மளிகைக் கடையில் முருங்கைக்காய் எல்லாம் கைக்கெட்டும் தூரம். நல்ல பள்ளிக்காக ஃபோர்சைத்தில் வீடு வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. 1912இல் நடந்ததற்கு அவர்கள் பொறுப்பும் அல்ல.

ஆனால் அவர்கள் அங்கே எப்படி வர முடிந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல் கதவு திறந்தது. ஆனால் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான். அந்த நாடுவாரி ஒதுக்கீட்டை உடைத்த குடிவரவுச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம். இரண்டும் ஒரே அமெரிக்க நாடாளுமன்றத்தில், ஒரே காற்றில் நிறைவேறியவை. அந்தக் காற்றைக் கிளப்பியவர்கள் அடி வாங்கியவர்கள். அந்தப் போராட்டக்காரர்களில் ஒருவர் ஹோசியா வில்லியம்ஸ். துரத்தப்பட்டவர்களின் இனம் ரத்தம் சிந்தித் திறந்த வாசல் வழியாகத்தான் நம்மவர்கள் ஃபோர்சைத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘படித்தோம், உழைத்தோம், வந்தோம்’ என்று அங்குள்ள நண்பர்கள் சொல்லும்போது, பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை என்றுதான் தோன்றுகிறது.

அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? 2022 தொடக்கத்தில் கவுண்டியின் பள்ளி நூலகங்களிலிருந்து எட்டு நூல்களை எடுத்தார்கள். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் முதல் நாவலும் அவற்றில் ஒன்று. பிறகு அது திரும்பி வந்தது. அதே ஆண்டு ‘பிளவுபடுத்தும் கருத்துகளை’ வகுப்பில் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஜார்ஜியா இயற்றியது. வரலாற்றைச் சொல்லக் கூடாது என்று சட்டம் கூறவில்லைதான். எங்கே கோடு என்று தெரியாத ஆசிரியர் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவே. அப்படியானால் வேலை பெற்றோருக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாரி, கரிகாலன் கதைகளோடு கம்மிங் சதுக்கத்தின் கதைக்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

2021 ஜனவரியில் ராப் எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டதைச் சொல்லும் பலகை ஒன்று கம்மிங்கில் நடப்பட்டது. அடுத்த ஆண்டு உள்ளூர் தேவாலயங்கள் சில சேர்ந்து, துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கல்லூரியில் படிக்க உதவித்தொகை தொடங்கின. பணம் தனியாருடையது. கவுண்டி அரசு நிலத்துக்காக இதுவரை எதுவும் கொடுக்கவில்லை. கெல்லாக் போன்றவர்கள் எந்த ஏக்கரை எந்த ஆண்டு யாரிடம் விட்டுப் போனார்கள் என்பதில் பெரும்பகுதியைப் பத்திரங்களிலிருந்து இன்றும் எழுதிவிட முடியும்.