வேலை கேட்டு வந்தவரிடம் குடும்ப விசாரணை எதற்கு?

கொழும்பு தெமட்டகொடையில் புகையிரதத் திணைக்கள விடுதிகளும் பழைய தோட்டங்களும் புதிய தொடர்மாடிகளும் அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து உயர்தரம் முடித்து, மனிதவள முகாமைத்துவத்தில் டிப்ளோமாவும் பெற்று வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் நேர்முகப் பரீட்சையில், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்கிறார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார் என்ற பதிலுக்கு எத்தனை புள்ளி என்று எவரும் சொல்வதில்லை. சம்பந்தம் பேசும் வீட்டில் கேட்கும் கேள்விக்கு வேலைத் தெரிவில் இடமில்லை என்பதே எமது நிலைப்பாடு.

இந்தக் கேள்வி இங்கு மட்டும் கேட்கப்படுவதல்ல. ஆய்வாளர்களான சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 பெரிய நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்களைச் சந்தித்து, 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திறமைக்கே முதலிடம் என்று அடித்துச் சொன்ன அதே முகாமையாளர்கள், குடும்பப் பின்னணியையும் அவசியம் பார்க்க வேண்டும் என்றார்கள். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. தன் வீட்டைப் போன்ற வீடே நல்ல குடும்பம் என்ற நினைப்புப் போதும்.

கொழும்பில் இந்த வடிகட்டல் விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. உறவினரல்லாத இருவரின் பெயரை நற்சான்றுக்குக் கேட்கிறோம். பக்கச்சார்பற்ற சான்றுக்கான ஏற்பாடு இது. ஆனால் பதவியில் இருப்பவர்களைத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது சுலபம். மனிதவளத் துறைக்குள் நுழையவும் சரளமான ஆங்கிலமும் ஆட்பழக்கமும் வேண்டும். இரண்டையும் வீடே முதலில் கொடுக்கிறது. அப்படி நுழைந்தவர்களே அடுத்தவர்களைத் தெரிவுசெய்கிறார்கள்.

சட்டத்தின் துணையும் போதாது. 1978 அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் முதலியவற்றால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. தனியார் நிறுவனத்தின் நேர்முக அறையை அது எட்டாது. சமூகப் பின்புலத்தால் வேலையில் பாகுபாடு கூடாது என்னும் சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. தனியார் துறையையும் கட்டுப்படுத்தும் உள்நாட்டுச் சட்டமாக அதை ஆக்க வேண்டும்.

பணம் புழங்கும் வேலைக்கு நம்பிக்கையானவர் வேண்டாமா என்று முதலாளிமார் கேட்கலாம். வேண்டும். அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழும் தகுதிகாண் காலமும் இருக்கின்றன. தகப்பனின் தொழில் மகளின் நேர்மைக்குச் சாட்சியாகாது. ஊழியர் சேமலாப நிதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் தேவையான குடும்ப விபரங்களை நியமனக் கடிதம் கொடுத்த பிறகு கேட்கலாம்.

1959இல் தொடங்கப்பட்டு, மனிதவளத் துறையினரைப் பயிற்றுவித்துவரும் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் இதில் முன்னே வர வேண்டும். பெற்றோரின் தொழில், விலாசம், பாடசாலை ஆகியவற்றை மறைத்தே முதற்சுற்றுத் தெரிவு நடக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எழுத்தில் புள்ளிகள் என்பதை விதியாக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. மறுக்கும் நிறுவனம் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லட்டும்.