மெக்சிகோ பட்டணத்தின் "தயவு"

பிரயாணக் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச காலமாக ஒரு புது வார்த்தையை வைத்து வியாபாரம் நடத்தி வருகிறார்கள். அதாவது, இன்ன ஊர் "கே பிரெண்ட்லி" ஊர் என்பதாகும். ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும் அந்த ஊருக்கு ஜோடியாகப் போனால், ஓட்டல்காரர் ஒரே அறை கேட்டதற்காக முகத்தைச் சுளிக்க மாட்டார்; கை கோத்து நடந்தால் தெருவில் எவனும் கல்லெறிய மாட்டான்; போலீஸ்காரன் மிரட்டிப் பணம் பறிக்க மாட்டான் என்பது அந்த வார்த்தையின் தாத்பரியமாம். இப்பேர்ப்பட்ட ஊர்களின் ஜாபிதாவில் மெக்சிகோ தேசத்தின் தலைநகரமாகிய மெக்சிகோ பட்டணத்துக்கு உயர்ந்த ஸ்தானம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அது பார்க்கத் தகுந்த ஊர் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 1325-ல் பூர்வகுடிகள் ஓர் ஏரியின் நடுவே கட்டிய ஊர் அது. 1521-ல் ஸ்பெயின் தேசத்தார் வந்து அதை இடித்து, அந்தப் பழைய கோயிலின் கல்லைக் கொண்டே தங்கள் கோயிலைக் கட்டிக் கொண்டார்கள். பழைய நகரப் பகுதி 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. அதன் நடுவே ஸோக்கலோ என்னும் பெரிய மைதானம். மைதானத்துக்கு வடக்கே கத்தோலிக்கரின் கதீட்ரல். தெற்கே பழைய முனிசிபல் மாளிகை. மேற்கே போனால் ஹுவாரெஸ் பேட்டையில் ஸோனா ரோசா என்ற இடம். இந்த ஜோடிகளுக்கென்று காப்பிக் கடைகளும் நடனக் கொட்டகைகளும் நிறைந்திருப்பது அங்கேதான்.

போகிறவர்கள் தாராளமாய்ப் போகட்டும். ஆனால் "தயவுள்ள ஊர்" என்கிறார்களே, அந்தத் தயவு யாருடையது? யாருக்குக் காட்டப்படுகிறது? எந்தக் காலம் முதல் காட்டப்படுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் கம்பெனிக்காரரின் வர்ணப் படப் புத்தகத்தில் ஜவாபு இல்லை. ஆகையால் அதை இங்கே விசாரிப்போம்.

நெருப்பு வைத்த காலம்

1658-ம் வருஷம். துணி வெளுக்கப்போன ஒரு பெண் இரண்டு ஆண்களைச் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டதாகப் போய்ச் சொன்னாள். அதைக் கொண்டு ஸ்பெயின் ராஜாவின் அதிகாரிகள் ஊர் முழுவதும் வலை வீசினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பேர்களின் மேல் குற்றம் எழுதப்பட்டது. அகப்பட்டவர்களில் 14 பேரை நவம்பர் மாதம் 6-ந் தேதி சான் லாசரோ என்ற இடத்திற்கு இழுத்துக்கொண்டுபோய்க் கொன்று எரித்தார்கள். வயதில் சிறிய ஒரு பையனுக்கு மாத்திரம் "கருணை" காட்டினார்கள். அதாவது 200 கசையடி கொடுத்துக் கட்டாய வேலைக்கு விற்றுவிட்டார்கள்!

இப்படி எரிக்கப்பட்டவர்கள் யார்? பிரபுக்களா? பிஷப்புகளா? இல்லை. பெரும்பாலும் கலப்பு ஜாதியாரும், கறுப்பரும், பூர்வகுடிகளும், கூலிக்கும் சேவகத்துக்கும் இருந்த ஏழைகளுமே. அவர்களில் பெண்ணைப்போல் உடுத்தி, "கொத்தீத்தா" என்ற பேரில் வாழ்ந்த ஒருவரும் உண்டு. எரித்தவர்கள் சொன்ன காரணமெல்லாம் கடவுளுக்குக் கோபம் வரும் என்பதுதான். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குத் தன் கோபத்தைத் தானே தீர்த்துக்கொள்ளச் சக்தியில்லாமல், சர்க்கார் விறகு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது போலும்!

அதே சான் லாசரோ என்னும் பெயருள்ள பேட்டையில்தான் இன்று மெக்சிகோ தேசத்துப் பிரதிநிதிகள் சபையின் மாளிகை இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகளில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி தெரியும் என்று கேட்கின்றோம்.

ஓர் எண்ணின் மேல் வந்த பழி

நிற்க, ஸ்பெயின் ஆட்சி ஒழிந்த பிறகு மெக்சிகோ தேசத்தார் 1871-ல் எழுதிக்கொண்ட தண்டனைச் சட்டத்தில் இந்த நேசம் குற்றமென்று சொல்லப்படவில்லை. அப்படியானால் உபத்திரவம் தீர்ந்ததா? தீரவில்லை. "ஒழுக்கத்துக்குப் பங்கம்" என்று ஒரு வார்த்தை சட்டத்தில் மிச்சமிருந்தது. போலீஸ்காரனுக்கு அது போதாதா?

1901-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, ஒரு வீட்டுக்குள் தனியாக நடந்த நடனத்தில் போலீஸார் புகுந்தார்கள். அந்தத் தெருவின் பெயர் சமாதானத் தெரு! உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பாதிப்பேர் பெண்ணுடை தரித்திருந்தார்கள். பிடிபட்டவர்கள் 41 பேர் என்று கணக்குச் சொல்லப்பட்டது. பிடிபட்டது 42 பேர் என்றும், நாற்பத்திரண்டாவது ஆசாமி ஜனாதிபதி போர்பிரியோ தியாஸின் மருமகன் என்றும், அவரைக் கொல்லைப் புறமாய் வெளியேற்றிவிட்டார்கள் என்றும் ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அதற்கு ருஜு கிடையாது. ஆனால் மருமகன் இல்லாத மற்றவர்களின் கதி ருஜுவானது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. அவர்களில் பலரை யுகத்தான் பிரதேசத்துக்கு, பூர்வகுடிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பட்டாளத்துக்கு எடுபிடி வேலை செய்ய அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தேசத்தில் 41 என்ற எண்ணே வசைச் சொல்லாகிவிட்டது. வீட்டுக்கு அந்த எண் வேண்டாம், ஓட்டல் அறைக்கு வேண்டாம், பட்டாளத்துக்கு வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுக்கினார்கள். பாவம், நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவிலிருந்த எண் என்ன செய்தது? மனிதனைத் தீண்டத்தகாதவனாக்கக் கற்றுக்கொண்ட மூளை கடைசியில் கணக்கையும் தீண்டத்தகாததாக்கியது!

மாற்றியது யார்?

இவ்வளவும் நடந்த ஊர் இன்று "தயவுள்ள ஊர்" ஆனது எப்படி? கடவுள் மனம் மாறினாரா? பாதிரிகள் திருந்தினார்களா? உல்லாசப் பிரயாணிகள் வந்து திருத்தினார்களா? ஒன்றுமில்லை.

முதற் காரணம் ஹுவாரெஸ் என்ற மனிதர். பூர்வகுடியில் பிறந்து, சிறுவயதில் தாய் தகப்பனை இழந்து, ஆடு மேய்த்து, பின்னால் தேசத்துக்கே ஜனாதிபதியானவர். அவருடைய சர்க்கார் 1859-ல் கோயிலையும் சர்க்காரையும் பிரித்தது. கலியாணம் என்பது பாதிரி செய்யும் மந்திரமல்ல, சர்க்கார் ரிஜிஸ்தரில் எழுதும் ஒப்பந்தம் என்று சட்டம் செய்தது. கலியாணம் பாதிரியின் கையிலிருந்து அன்றைக்குப் பறிக்கப்படாதிருந்தால், இன்று அதைத் திருத்த எந்தச் சட்டசபைக்கும் வாய் இருந்திருக்காது. ஸோனா ரோசா இருக்கும் பேட்டைக்கு அவர் பெயரே இருப்பது பொருத்தந்தான்.

இரண்டாவது காரணம், அடிபட்டவர்களே தெருவுக்கு வந்தது. போலீஸார் நினைத்தபோதெல்லாம் பிடித்துப்போய்ப் பணம் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், 1978-ல் ஒரு சிறு கூட்டம் தன் சொந்த முகத்தோடு ஊர்வலத்தில் நடந்தது. 1979-ல் அவர்களே தனி ஊர்வலம் நடத்தினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு எந்த ஓட்டல்காரரும் மாலை போடவில்லை. எந்தக் கம்பெனியும் கொடி பிடிக்கவில்லை. முப்பது வருஷம் பாடுபட்ட பிறகு 2006-ல் ஜோடி வாழ்க்கைக்குச் சட்டம் வந்தது. 2009 டிசம்பரில் பட்டணத்துச் சட்டசபை கலியாணச் சட்டத்தையே திருத்தியது. 2010 மார்ச்சு 11-ந் தேதி முதல் கலியாணங்கள் நடந்தன. எங்கே? ஸோக்கலோவின் தெற்கே இருக்கும் முனிசிபல் மாளிகையில், கதீட்ரலுக்கு நேர் எதிரே! பூமி பிளக்கவில்லை, கோபுரத்தில் இடி விழவுமில்லை.

அப்போது கோயில் தலைவர்கள் என்ன செய்தார்கள்? வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2010 ஆகஸ்டில் சட்டம் செல்லும் என்றும் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்றும் தீர்ப்பான சமயம், குவாதலஹாரா நகரத்துக் கர்தினால் சாந்தோவல் இஞ்ஞிகெஸ் என்பவர், பட்டணத்துத் தலைவர் மார்செலோ எப்ரார்த் நீதிபதிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்று பேசினார். எப்ரார்த் அவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். பரலோகத்து விஷயமெல்லாம் தெரிந்தவர்களுக்குப் பூலோகத்தில் ஒரு குற்றம் சொன்னால் ருஜு காட்டவேண்டும் என்பது மாத்திரம் தெரியவில்லை!

இந்தச் சட்டம் ஒவ்வொரு மாகாணமாகப் போய், 2022 அக்டோபரில் தமௌலிபாஸ் மாகாணத்தோடு தேசம் முழுவதும் பரவியது. "கலியாணம் கெட்டுப்போகும், குடும்பம் அழிந்துபோகும்" என்றார்கள். யாருடைய குடும்பம் அழிந்தது? ஒரு வீட்டையாவது காட்டட்டும்.

இனாம் தேனிலவு

இனி வியாபாரத்துக்கு வருவோம். 2010 ஜூலையில் அர்ஜென்டினா தேசத்தில் இதே சட்டம் வந்ததும், அங்கே முதலில் கலியாணம் செய்துகொள்ளும் ஜோடிக்கு இனாமாகத் தேனிலவு தருவதாக மெக்சிகோ பட்டணத்து உல்லாசப் பிரயாண இலாகா அறிவித்தது. கெட்டிக்கார வேலைதான், நாம் குறை சொல்லவில்லை. காசு சம்பாதிப்பது பாபமல்ல. ஆனால் வருகிறவருக்கு விரித்த ஜமக்காளத்தை உள்ளூர்க்காரருக்கும் விரித்தார்களா என்பதுதான் கேள்வி.

கேளுங்கள். 2016-ல் தேசம் முழுவதற்கும் இந்தக் கலியாணத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதலாம் என்று ஜனாதிபதி சொன்னார். உடனே "குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம்" என்று பெருங்கூட்டம் செப்டம்பர் 24-ந் தேதி தலைநகரத்தில் ஊர்வலம் போயிற்று. அதே மாதக் கடைசியில், அதே பட்டணத்தில், பவோலா புவென்ரோஸ்ட்ரோ என்ற திருநங்கை, தெருவில் நின்று வயிறு வளர்த்தவர், சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகச் சொல்லப்பட்டவன் அந்த இடத்திலேயே பிடிபட்டும் சில நாட்களில் வெளியே விடப்பட்டான். குடும்பத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட கூட்டம் இந்த உயிருக்காக எத்தனை தெரு நடந்தது?

அவருடைய தோழி கென்யா குவேவாஸ், சவப்பெட்டியை நடுத்தெருவில் இறக்கி வைத்து நியாயம் கேட்டார். பிறகு திருநங்கைகளுக்கு அடைக்கலமாக ஒரு வீட்டை ஏற்படுத்தி, அதற்குப் பவோலாவின் பெயரையே வைத்தார். 2021-ல் பட்டணத்து அரசாங்க வக்கீல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2024-ல், திருநங்கையைத் திருநங்கை என்பதற்காகக் கொன்றால் 35 முதல் 70 வருஷம் வரை சிறை என்று சட்டமே பவோலாவின் பெயரால் வந்தது. இந்தச் சட்டத்தை எந்தப் பிரயாணக் கம்பெனி கேட்டு வாங்கிற்று? ஒன்றுமில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் வாங்கினார்கள்.

ஆகவே தயவு வேறு, உரிமை வேறு என்பதை வாசகர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். தயவு என்பது கொடுக்கிறவன் கையிலிருப்பது. பணப்பை காலியானால் தயவும் காலி. உரிமை என்பது ஓட்டல்காரருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பாதிரி சபித்தாலும் சபிக்காவிட்டாலும், பையில் டாலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்பது. 1658-ல் எரிந்தவர்களும் ஏழைகள். 1901-ல் பட்டாளத்துக்குப் போனவர்களும் மாமனார் பலம் இல்லாதவர்கள். 2016-ல் செத்தவரும் தெருவில் நின்றவர். செல்வாக்குள்ளவனுக்கு எந்தக் காலத்திலும் எந்த ஊரும் தயவுள்ள ஊர்தான். அந்த நாற்பத்திரண்டாவது ஆசாமியின் கதையை ஊர் நம்பியதே அதற்குச் சாட்சி.

"இயற்கைக்கு விரோதம்" என்று இன்னும் சிலர் முணுமுணுக்கலாம். இயற்கை மனிதனை மூக்குக் கண்ணாடியோடு பெற்றதா, பாதிரியை அங்கியோடு பெற்றதா? ஒருவன் யாரை நேசிக்கிறான் என்பதால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எந்த உறுப்பு குறைந்துபோகிறது? நஷ்டம் யாருக்கென்று காட்ட முடியாததைக் குற்றம் என்பது அறிவாகாது.

அந்த ஊருக்குப் போகும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். ஸோனா ரோசாவில் நடனமாடுங்கள். வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் ஸோக்கலோ மைதானத்தின் நடுவே ஒரு நிமிஷம் நின்று, வடக்கே இருக்கும் கட்டடத்தையும் தெற்கே இருக்கும் கட்டடத்தையும் மாறி மாறிப் பாருங்கள். எது நெருப்புக் காலத்தினுடையது, எது உங்களுக்கு ரிஜிஸ்தரைத் திறந்தது என்று நினையுங்கள். உங்கள் அறைக்கு வாடகை வாங்கும் ஓட்டல்காரரிடம், "ஐயா, உம்முடைய ஓட்டலில் ஒரு திருநங்கைக்காவது வேலை கொடுத்திருக்கிறீரா? உள்ளூர் ஏழை ஜோடி வந்து கேட்டாலும் இதே சிரிப்போடு சாவி கொடுப்பீரா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர் தயவுள்ளவர் அல்ல, யோக்கியமானவர். விழித்தால், அவர் உங்களை நேசிக்கவில்லை, உங்கள் சட்டைப் பையை நேசிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பட்டணத்தின் பெருமை அது விருந்தாளிக்குக் காட்டும் சிரிப்பில் இல்லை. தன் சொந்தத் தெருவில் விழுந்தவர்களின் பெயரைச் சட்டத்தில் எழுத வைத்த ஜனங்களிடத்தில் இருக்கிறது. புகழ வேண்டுமானால் அவர்களைப் புகழட்டும். கம்பெனிக்காரரின் வர்ணப் படத்தை அல்ல.